ஆண்டறிக்கை 2024-25: பலகையின் பின்பக்கம்

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை என்று பஸ் மாறி கும்பகோணம் வந்து சேர்ந்திருக்கும் தோழிகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் பெண் கலைஞர்கள் சங்கத்தின் போன ஆண்டுப் பேரவையில் நாம் போட்ட முக்கியமான தீர்மானம் ஒன்றுதான். ஓவியமோ சிற்பமோ, ஒரு பெண்ணின் கை பட்ட வேலையில் அவள் பெயர் இருக்க வேண்டும். அது எவ்வளவு தூரம் நடந்தது, எங்கே நின்றுபோனது என்பதைச் சொல்லத்தான் இந்த அறிக்கை.

ஆகஸ்டில் ஓர் உறுப்பினரின் வீட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். தஞ்சாவூர் ஓவியத்துக்குக் கல் பதித்து, தங்க ரேக், அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டித் தருபவர். துணி ஒட்டி, வெள்ளை பூசி, தேய்த்து வைத்த பலகை அவர் மடியில் இருந்தது. சாக்பவுடரும் கோந்தும் குழைத்த பசையைத் தூரிகை நுனியில் தொட்டுத் தொட்டு, கிருஷ்ணன் கைவளையை மேடாக்கிக்கொண்டே வந்தார். பசை இறுகுவதற்குள் கல்லைப் பதித்தார். அது காய்ந்த இடத்தில், முந்தின நாள் செய்து வைத்த ஆரத்தின் மேல், கோந்து தடவி, நறுக்கிய ரேக்கை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு குச்சி முனையால் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் அழுத்தினார். அந்தப் புழுக்கத்தில் ஃபேன் போட முடியாது, ரேக் பறந்துவிடும். முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். விரல் நுனிகள் மட்டும் மின்னின.

முகம் எழுதுவதும் வண்ணம் தீட்டுவதும் பட்டறையில் ஆண்கள். படம் விற்கும்போது கடையின் பெயர். முடிந்த பலகை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் கடை ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. "உங்க பேரையும் இதுல எழுதினா என்னக்கா?" என்று கேட்டேன். "எழுதலாம் தங்கச்சி, அடுத்த பலகை வராது" என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டுதான் செயற்குழு கடை கடையாக ஏறி இறங்கியது. சிலர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அவர்கள் விற்கும் படங்களில் வரைந்தவர் பெயருக்குக் கீழே கல், ரேக் வேலை செய்தவர் பெயரும் பென்சிலில் ஏறுகிறது. மற்றவர்கள், "வாங்குறவங்க சாமி படத்தைத்தான் பாக்குறாங்க, யாரு கல்லு ஒட்டினான்னு கேக்கிறதில்ல" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவர்களுக்கு நம் பதில் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜன் கோயிலில் ஆடும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரைக் குடியமர்த்தியபோது, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு என்று ஒவ்வொருத்தி பெயரையும் கல்லில் வெட்டச் செய்தான். ஒரு பங்குக்கு நூறு கலம் நெல் என்று அவர்கள் ஊதியமும் அங்கேயே இருக்கிறது. அதே கோயிலின் உள்சுற்றில் எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டுபிடித்த சோழர் ஓவியங்களைத் தீட்டியவர் யார் என்று சொல்ல நம் கையில் ஒரு பெயரும் இல்லை. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. பெயர் எழுதினால் என்ன ஆகும், எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே கட்டடத்தில் இரண்டு சாட்சி. ஆயிரம் ஆண்டுக்கு முன் நானூறு பெயரைக் கல்லில் வெட்ட முடிந்த ஊரில், பென்சிலில் ஒரு வரி கேட்கிறோம்.

பெயர் இல்லாததால் வரும் நஷ்டம் மனக்குறையோடு போவதில்லை. மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை பல வீடுகளில் கணவர் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. கடன், கண்காட்சியில் இடம் எல்லாவற்றுக்கும் அந்த அட்டையைத்தான் முதலில் கேட்கிறார்கள். தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வெண்கலச் சிலை, கருப்பூர் கலம்காரி மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அந்தச் சட்டத்தின்படி உற்பத்தி செய்யும் எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம். இது நம்மில் பலருக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. விண்ணப்பம் நிரப்ப மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தோறும் உட்கார்ந்தோம். "தொழில்" என்ற கட்டத்தில் பழக்கதோஷத்தில் "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டு, அப்புறம் அடித்துவிட்டு "ஓவியர்" என்று எழுதிய தோழியின் படிவத்தை நான் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.

சுவாமிமலை விஷயத்தில் பாதிதான் ஜெயித்தோம். ஒரு பட்டறையில் நம் உறுப்பினர்களுக்கு மெழுகு வேலை கற்றுத்தரச் சம்மதித்தார்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் காய்ச்சி உருவம் பிடிப்பது, அதன் மேல் காவிரி வண்டல் பூசுவது வரை சரி. உலோகம் ஊற்றும் நாளில் மட்டும், "உலைப் பக்கம் பொம்பளைங்க வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டால் வழக்கம் என்கிறார்கள். வங்காளத்து மீரா முகர்ஜி (1923-1998) பஸ்தர் பழங்குடி வார்ப்பாளர்களிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, ஆள் உயரத்துக்கு மேல் வெண்கலச் சிலை வார்த்தவர். அவர் படங்களை அந்தப் பட்டறைப் பெரியவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "அடுத்த வார்ப்புக்குச் சொல்லி அனுப்புறேம்மா" என்றார். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. மறுபடி போவேன்.

நவம்பர் கடைசியில் வைத்திருந்த கண்காட்சி, ஃபெஞ்சல் புயலையொட்டிப் பெய்த மழையில் தள்ளிப்போனது. ஈரத்தில் பலகை உப்பிவிடும் என்று எல்லாப் படங்களையும் போர்வையில் சுற்றி ஒரு மாடி வீட்டுக்கு ஏற்றினோம். பொங்கல் கழிந்து நடத்தினோம். படங்களுக்கு அருகில் செய்தவர் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்ததும், பார்க்க வந்தவர்கள் பெயரைச் சொல்லி விலை கேட்டார்கள்.

இனி வரும் ஆண்டு. 2028-இல் மகாமகம். அதற்கு முன் கும்பகோணத்துக் கோயில்களில் திருப்பணி நடக்கும், விமானத்துச் சுதைச் சிற்பங்களுக்கெல்லாம் வண்ணம் தீட்டுவார்கள். கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்த நம் பெண்கள் வேலை கேட்டுப் போனால், "சாரத்துல ஏறணுமேம்மா" என்கிறார்கள். அதே சாரத்தில் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறுகிறவர் யார்? சித்தாள் பெண்தானே. சுமை தூக்க ஏறலாம், தூரிகையோடு ஏறக்கூடாது என்பதை இந்தச் சங்கம் ஏற்காது. ஒப்பந்தக்காரர்களைச் சந்திக்க மூன்று பேர் குழு அமைக்கப் பேரவையின் அனுமதி வேண்டும். சம வேலைக்குச் சம ஊதியம் 1976-லேயே சட்டமாகிவிட்டது, கூலி பேசும்போது அதையும் சொல்ல வேண்டும்.

பட்டறைகளில் தொந்தரவு பற்றி இரண்டு பேர் என்னிடம் பேசினார்கள். விவரம் இங்கே வேண்டாம். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானாலும், 2013 சட்டப்படி மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். துணைக்கு நான் வருகிறேன். எந்த நேரமும் கூப்பிடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவரைப் பார்க்கவும்.

வாசலில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், ஊர், என்ன வேலை, எத்தனை ஆண்டாக என்று நாலு பத்தி. உங்கள் பெயரை எழுதிவிட்டு, அம்மாவோ பாட்டியோ மாமியாரோ இந்த வேலை செய்திருந்தால் அவர்கள் பெயரையும் அடுத்த வரியில் எழுதுங்கள். அந்த ரேக் ஒட்டும் அக்கா காலையிலேயே வந்து முதல் பக்கத்தில் எழுதிவிட்டார், பேனாவில்.

அறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்