பூச்சு வேலைக்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். புது வீட்டுக்கென்று நீ அனுப்பிய சோலார் கொட்டேஷனை நிதானமாகப் படித்தேன். 3 கிலோவாட் ஆன்-கிரிட் (தெரு லைனோடு இணைந்தது, பேட்டரி இல்லாதது), மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் என்று போட்டிருக்கிறார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் கடைசிப் பக்கத்தில் 'இனி கரண்ட் கட் கவலையே இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்களே, அதை மட்டும் நம்பாதே.

தெருவில் கரண்ட் இருந்தால்தான் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஓடும். உச்சி வெயில் கொளுத்தினாலும் லைன் போனால் அதுவும் உடனே நின்றுவிடும். கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சப்ளையை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் மொட்டை மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் போனால் அவர் கதி என்ன?

பில் குறைந்தால் போதும் என்றால் ஆன்-கிரிட்டே போதும். நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை வரும். பகலில் மிச்சமாகி லைனுக்குப் போனதை, ராத்திரி நாம் எடுத்ததில் மீட்டர் கழித்துக்கொள்ளும். பில்லுக்காகப் பேட்டரி வாங்குவது என் கணக்கில் வீண். மானியம் பேனல் கிலோவாட்டுக்குத்தான். பேட்டரிப் பணம் முழுக்க உங்கள் கையிலிருந்து போகும்.

ஆனால் சம்பந்தியம்மாவுக்கு நெபுலைசர் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார். அதனால் உங்களுக்குப் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட்தான் சரி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கம் எத்தனை கம்பங்கள் சாய்ந்தன, நீயே பார்த்தாய். இன்வெர்ட்டர் இருந்த வீடுகளும் முதல் ராத்திரியோடு சரி. திரும்ப சார்ஜ் ஏற லைன் வர வேண்டுமே! அப்புறம் வாடகை ஜெனரேட்டரை வைத்துத்தான் தொட்டியை நிரப்பினார்கள், செல்போனுக்கு உயிர் கொடுத்தார்கள். ஹைப்ரிட்டில் லைன் இல்லாவிட்டாலும் பேனலே பேட்டரியை ஏற்றும். கோயம்புத்தூருக்குப் புயல் வராது என்பாய். கோடை மழைக்கு ஒரு மரக்கிளை முறிந்து விழுந்தால் போதாதா?

பேட்டரி லித்தியமாக இருக்கட்டும். இங்கே மாடிப்படிக்குக் கீழே இருக்கும் 12 வோல்ட் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஈய-அமில பேட்டரியில் காகிதக் கணக்குக்கு 1.8 யூனிட்; ஆயுள் கெடாமல் எடுக்க முடிவது அதில் பாதிதான். டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுரண்டுவதும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதும் என் வேலை. உனக்கு அதற்கு நேரம் ஏது? 48 வோல்ட் 100 ஏ.எச். லித்தியத்தில் ஏறக்குறைய 5 யூனிட் நிற்கும், அதில் பெரும்பகுதியைத் தாராளமாக எடுக்கலாம். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக எடுக்கும் புது பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 போதும். மூன்று ஃபேன், நாலைந்து எல்.இ.டி., வைஃபை, ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடினாலும் ராத்திரி தாண்டி மிச்சம் இருக்கும். அதிலேயே ஒன்றரை டன் ஏ.சி.யைப் போட்டால் மூன்று, நாலு மணி நேரத்தில் துடைத்துவிடும். போர் மோட்டாரையும் சேர்க்காதே. கிளம்பும் நேரத்தில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன். பூச்சு வேலைக்கு முன்பே பேக்கப் லைனுக்கு, அதாவது கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓட வேண்டியவற்றுக்கு, தனி டி.பி. (ஸ்விட்ச் பெட்டி) வைக்கச் சொல். அந்த லைனுக்கு நியூட்ரலும் தனியாக வர வேண்டும். மற்ற லைனோடு முடிச்சுப் போட்டுவிட்டால், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழும். சுவரை உடைக்காமல் சரிசெய்ய முடியாது. எர்த் குழி மூன்று: பேனல் பக்கம் ஒன்று, இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குப் போகும் ஏ.சி. மின்சாரப் பக்கம் ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. ஒரே குழியில் எல்லாவற்றையும் கட்டிவிட்டுப் போக எலக்ட்ரீஷியன் பார்ப்பார், நீ நின்று பார்.

இன்ஸ்டால் செய்ய வருபவர், பில் குறையட்டும் என்று பேட்டரி தினமும் ராத்திரி காலியாகும்படி செட்டிங் வைத்துவிட்டுப் போகக்கூடும். லைன் இருக்கும் நாட்களில் பாதிக்குக் கீழே இறங்காதபடி வைக்கச் சொல். காலி பேட்டரியை வைத்துக்கொண்டு கரண்ட் கட்டுக்கு என்ன செய்வது?

குழாய் பதித்ததும் சுவர் சுவராகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. புகுமனைத் தேதி முடிவானதா என்று அம்மா கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா