கிலோ குறைந்தது, ஓட்டமும் குறைந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் எடையைக் குறைத்தால் ஓட்ட வேகம் தானாகக் கூடிவிடும் என்ற பொருளில் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானுக்காகப் பலரும் பயிற்சியைத் தொடங்கும் இந்த நேரத்தில், அக்கட்டுரை பாதி உண்மையை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டது என்பதாலும், அந்தப் பாதி உண்மையை நம்பி நானே ஒருமுறை ஏமாந்தவன் என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்கு வயது 56. ஒன்பது ஆண்டுகளாக உழைப்பாளர் சிலைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே விடியற்காலையில் ஓடி வருகிறேன். பரிசுக்காக ஓடுபவன் அல்லன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் எடை 80 கிலோ. 10 கிலோமீட்டரை 64 நிமிடங்களில் ஓடுவேன். இரவு உணவை அறவே நிறுத்தி, காலையில் இரண்டு இட்லியும் மதியம் ஒரு கிண்ணம் மோர்ச்சோறும் என்று நான்கு மாதங்களை ஓட்டியதில் 9 கிலோ குறைந்தது. தெருவில் கண்டவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். என் மனைவி மட்டும், கொடியில் காயப்போட்டதுபோல் சட்டை தொங்குகிறது என்றார். அடுத்த ஓட்டத்தில் அதே 10 கிலோமீட்டருக்கு 67 நிமிடங்கள் ஆயின.

இதற்கான காரணம் எளிமையானது. ஓடும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ கலோரி செலவாகிறது. ஆகவே சுமை குறைந்தால் செலவு குறையும் என்பதில் ஐயமில்லை. நிமிடத்துக்கு 2,800 மில்லி லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தக்கூடிய 80 கிலோ மனிதருக்கு, கிலோ ஒன்றுக்குக் கிடைப்பது 35 மில்லி. அவர் வெறும் கொழுப்பில் மட்டும் 5 கிலோ இழந்தால், இதயமும் நுரையீரலும் எள்ளளவும் மேம்படாமலேயே அது 37-ஐத் தாண்டிவிடும். கட்டுரையாளர் சொல்ல வந்தது இதைத்தான். ஆனால் அந்த ஆக்சிஜனைப் பயன்படுத்துவது கொழுப்பு அன்று, தசை. பட்டினி கிடந்து, புரதத்தைக் குறைத்து, எடை தூக்கும் பயிற்சி எதுவும் இல்லாமல் அவசரமாக இளைக்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கணிசமாகக் கரைகிறது. சுமையை இறக்கிவைக்கும் வேகத்தில் வண்டி மாட்டையும் அவிழ்த்து விட்டவன் கதைதான் அது. பிறகு நான் பருப்பு, முட்டை, சுண்டல் என்று சாப்பிட்டு, வாரம் இருமுறை எடை தூக்கிப் பழகியதில் எடை 71-இலிருந்து 74-க்கு ஏறியது. நேரமோ 59 நிமிடங்களுக்கு இறங்கியது.

உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டிருந்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனால் உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். யுட்கின் மாரத்தான் ஓடுபவர் என்றும், யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சி மருத்துவமனையில் மூடப்போகும் லிஃப்டைப் பிடிக்க ஓடுவதுதான் என்றும் அவர்களே அதில் நகைச்சுவையாகக் குறிப்பிட்டிருந்தார்கள். நம்மவர் உடல்வாகில் குறைந்த எடையிலேயே கொழுப்பு கூடுதலாக இருக்கும் என்பதால்தான் இங்கே பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஒல்லியாகத் தெரியும் ஓட்டக்காரர் தமக்கு இதில் வேலையில்லை என்று நினைப்பதும் தவறு.

கொழுப்பை அளக்கும் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில், ஓடப் போகுமுன் வெறுங்காலுடன் ஏறி நிற்கும் கருவி எனக்கு 27 சதவீதம் காட்டியது. ஓடி முடித்து வியர்வை சொட்டச் சொட்ட மீண்டும் ஏறியபோது 24 காட்டியது, எடையும் ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. அங்கிருந்த பயிற்சியாளர் கைகுலுக்கினார். இரண்டு மணி நேரத்தில் மூன்று சதவீதக் கொழுப்பு கரைவதற்கு உடல் என்ன நெய்ச்சட்டியா? அக்கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. காலின் வழியே மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடல் தரும் மின்தடையிலிருந்து நீரின் அளவை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணிக்கிறது. சூடேறிய தோலும் ஈரமான பாதமும் அந்த ஊகத்தைக் குலைத்துவிடும். குறைந்த எடையெல்லாம் வியர்வை. ஒரு செம்புத் தண்ணீரில் பாதி திரும்பிவிடும். காலையில் வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்தபின், அதே கருவியில் மாதம் ஒருமுறை பார்த்தால் ஏறுமுகமா இறங்குமுகமா என்பதையாவது அறியலாம்.

சென்னைக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. உடல் பெருக்கப் பெருக்க ஓடும்போது உண்டாகும் வெப்பமும் பெருகுகிறது; அதை வெளியேற்றும் தோலின் பரப்போ அதே விகிதத்தில் பெருகுவதில்லை. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால், கொழுப்பு மிகுந்தவர் மே மாதத்தில் படும் பாடு டிசம்பரில் படுவதைப்போல் பன்மடங்கு. அவர்கள் கோடையில் வேகம் குறைத்து ஓடுவதைச் சோம்பல் என்று யாரும் நினைக்கலாகாது.

ஒல்லியானவர்களே முன்னால் ஓடுகிறார்கள் என்ற வாதத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு நம்மைவிட இருமடங்கு தூரம் ஓடுபவர்கள். ஒல்லியானது அந்த ஓட்டத்தால்தான். பயிற்சிக்குச் சேர வேண்டிய பெருமையைத் தராசுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது பெண்கள் விஷயம். எங்களுடன் ஓடிவந்த இளம்பெண் ஒருவர், யாரோ சொன்ன ஓர் எடையை எட்டுவதற்காகச் சோற்றை ஒதுக்கினார். முதலில் மாதவிலக்கு நின்றது. அதையும் ஓட்டத்தின் பலன் என்று அவர் எண்ணிக்கொண்டார். சில மாதங்களில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல் கண்டு, பல வாரங்கள் நடக்கவே சிரமப்பட்டார். உண்பது ஓட்டத்துக்குப் போதாமல் போகும்போது உடல் இப்படித்தான் ஒவ்வோர் இயக்கமாகக் குறைத்துக்கொள்கிறது என்பதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலேயே அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. உயிர் இயக்கத்துக்கே இன்றியமையாத கொழுப்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 3 சதவீதம், பெண்களுக்கு 12 சதவீதம் என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஆணுக்குச் சொல்லும் அளவைப் பெண்ணுக்கும் சொல்வது அறியாமை.

ஆகவே தங்கள் நாளிதழ் அடுத்த முறை எடைக்குறைப்புப் பட்டியலை வெளியிடும்போது, இடுப்புச் சுற்றளவையும் தசைப் பயிற்சியையும் அதில் சேர்க்குமாறும், மாதவிலக்கு தவறும் ஓட்டக்காரப் பெண்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தடித்த எழுத்தில் அச்சிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மயிலாப்பூர், சென்னை.