மீனாட்சிக்கு, பனிச்சாலைகளைப் பற்றி

டோக்கியோ,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள மீனாட்சி,

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். மறுபடியும் அவரே செய்தித்தாள் படிக்கிறார் என்ற வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்த இடத்தில் நீ கட்டிய தாங்குசுவர் இந்தப் பருவமழையிலும் அசையாமல் நின்றது இன்னொரு நல்ல செய்தி. அதன் வடிகால் அமைப்பை வரைந்து அனுப்பு, ஆசையாக இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். நிலா செண்டாயில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இந்த நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு பிப்ரவரியில் விடுமுறை என்பதால், அவளையும் அழைத்துக்கொண்டு மூவருமாகக் காரில் பனிச்சறுக்குப் பயணம் போய் வந்தோம். அவளும் உரிமம் எடுத்துவிட்டதால் ஓட்டும் வேலையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம்.

"ரயில் அடிவாரம் வரை போகும் நாட்டில் எதற்குப் பனியில் கார் ஓட்டுகிறாய்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். கேள்வி நியாயமானதுதான். காலா யுசாவா நிலையத்தில் ஷின்கான்சென் அதிவேக ரயிலை விட்டு இறங்கினால் நிலையக் கட்டடத்துக்குள்ளேயே மலைக்குப் போகும் கம்பிவடப் பெட்டியான கொண்டோலாவில் ஏறிவிடலாம். டோக்கியோவிலிருந்து சுமார் 75 நிமிடம்தான். ஆனால் அப்படிப் போகிறவர்களின் கண்ணில் சறுக்கும் சரிவு மட்டுமே படும். அந்தச் சரிவைச் சுற்றியுள்ள ஊர்கள் இவ்வளவு பனியோடு எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்பது சாலையில் போகும்போதுதான் தெரிகிறது. சாலை போடுகிறவளான உனக்கு அதைத்தான் விரிவாக எழுத வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

முதலில் இவ்வளவு பனி எப்படி வருகிறது என்று சொல்கிறேன். சைபீரியாவிலிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஹொன்ஷு தீவின் நடுவே நிற்கும் மலைகளில் மோதி மேலே ஏறும்போது அந்த ஈரம் முழுவதையும் கடல் பக்கத்துச் சரிவிலேயே பனியாகக் கொட்டிவிடுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் இருக்கும் டோக்கியோவுக்கு நீல வானமும் வறண்ட காற்றும்தான் வந்து சேர்கின்றன. தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்துப் பக்கம் வாங்கிவைத்துக்கொண்டு கோயம்புத்தூரைக் காயவிடும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணக்கும் இதுவேதான்.

அந்த மலையைக் குடைந்து போவது கான்-எட்சு விரைவுச்சாலை. தனிகாவா மலைத்தொடருக்கு அடியில் சுமார் 11 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை, 1985ஆம் ஆண்டு திறந்தது. தலைக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான பாறை இருப்பதால், தோண்டும்போது அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறியதாம். எரிபொருள் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றிய லாரிகளை உள்ளே விடுவதில்லை. அவை 17ஆம் எண் தேசியச் சாலையில் மிகுனி கணவாயைச் சுற்றித்தான் போக வேண்டும். பனி பலமாக இருக்கும் நாட்களில் குளிர்கால டயர் கட்டுப்பாடு அறிவிப்பார்கள். ஊழியர்கள் நின்று டயரைச் சோதித்த பிறகே வண்டியை அனுப்புவார்கள். எங்கள் டயரையும் ஓர் இளைஞர் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். ஸ்டட்லெஸ் டயர் என்று பெயர். ஆணி எதுவும் கிடையாது. மென்மையான ரப்பரும் நுணுக்கமான வெட்டுகளும் பனிக்கட்டியைப் பற்றிக்கொள்கின்றன.

சுரங்கத்தைத் தாண்டியதும் வரும் யுசாவாவில் நான் நின்று பார்த்தது சரிவை அல்ல, சாலையை. சாலையின் நடுக்கோட்டில் வரிசையாகச் சிறு துளைகள். அவற்றிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. எந்தப் பருவத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கும் நிலத்தடி நீருக்கு விழும் பனியைக் கரைக்கும் சூடு போதும். உப்பும் வேண்டாம், பனி அள்ளும் இயந்திரமும் வேண்டாம். வடக்கே உள்ள நாகவோகா நகரத்தில் 1961இல் இந்தக் குழாய்களைப் பொதுச் சாலையில் முதன்முதலாகப் பதித்தார்கள். அங்கே நீரில் இரும்பு கலந்திருப்பதால் தெருவெல்லாம் துருவேறிச் செம்பழுப்பாகக் கிடக்கிறது. இதற்கு விலையும் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. யுசாவாவுக்கு வடக்கே முய்காமாச்சியில், குளிர்காலம் முழுக்க இப்படி நீரை உறிஞ்சியதால் நிலமே தாழ்ந்துபோயிருக்கிறது. நம் ஊர் ஆழ்துளைக் கிணறுகளை நினைத்துக்கொண்டேன்.

யுசாவாவில் வேறொன்றும் பார்த்தேன், அது மனத்தை வருத்தியது. 1980களின் இறுதியில் பணம் பெருகியிருந்தபோது பனிச்சறுக்கு இங்கே ஒரு பித்தாகவே இருந்தது. அப்போது நெல்வயல்களுக்கு நடுவே அடுக்குமாடிகளை எழுப்பிக்கொண்டே போனார்கள். பிறகு பொருளாதாரம் சரிந்தது, இளைஞர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. ஒரு காலத்தில் கோடிக் கணக்கில் யென் கொடுத்து வாங்கிய அறைகளில் சில இன்று ஒரு லட்சம் யென்னுக்கு விற்பனைக்கு வருகின்றன. வாங்கினால் மாதப் பராமரிப்புக் கட்டணமும் கூடவே வரும் என்பதால் அந்த விலைக்கும் ஆட்கள் தயங்குகிறார்கள். மாலையில் அந்தக் கட்டடங்களில் விளக்கு எரியும் சன்னல்களை நிலா எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். சரிவில் குறையே இல்லை. காகுரா என்ற சறுக்குத் தளத்தில் பனி ஆழமாக இருந்தது. அங்கிருந்து இன்னொரு சறுக்குத் தளமான நாயெபாவுக்குப் போகும் டிராகொண்டோலா என்ற கொண்டோலா ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் நீளம். பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி ஆற்றுக்கு மேலே போகிறது. அதில் உன்னை ஒருமுறை உட்காரவைக்க வேண்டும்.

அங்கிருந்து விரைவுச்சாலையை விட்டு, ஷினானோ ஆற்றை ஒட்டிய 117ஆம் எண் சாலையைப் பிடித்தோம். இந்தப் பயணத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது. இருபுறமும் கார் உயரத்துக்கு மேலே பனிச்சுவர். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒவ்வொரு அடுக்காகத் தெரிகிறது. போக்குவரத்து விளக்குகள் நெடுக்காகத் தொங்குகின்றன, மேலே பனி அதிகம் தங்கக் கூடாது என்பதற்காக. சாலையின் விளிம்பு எங்கே என்று காட்ட ஆங்காங்கே கம்பங்களில் கீழ்நோக்கிய அம்புக்குறிகள். பனிப்புயலில் எதிரே எதுவும் தெரியாதபோது அந்த அம்பை மட்டும் பார்த்து ஓட்டலாம். சாகாயே கிராமத்தில் மோரிமியானோஹரா என்ற சிறிய ரயில் நிலையம் இருக்கிறது. 1945 பிப்ரவரி 12 அன்று அங்கே 7.85 மீட்டர் பனி கிடந்ததாம். அந்த உயரத்தைக் குறித்து ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தால்தான் அந்த எண் என்னவென்று புரிகிறது.

இந்த வட்டாரத்தில் ஊர்களில் பெரும்பாலும் முதியவர்கள்தான். கூரையில் பனி ஏறினால் வீடே நொறுங்கும் என்பதால் யாராவது ஏறித் தள்ளியாக வேண்டும். ஜப்பானில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனியை அகற்றப்போய் விழுந்தும் புதைந்தும் இறப்பவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். தரைக்கு மேலே இரண்டாள் உயரத்தில் ஒரு மூதாட்டி மண்வெட்டியுடன் நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். உதவட்டுமா என்று என் கணவர் கேட்டதற்கு, நன்றி சொல்லித் தலைகுனிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதே பனி வசந்தத்தில் உருகி வயலுக்குப் பாய்கிறது. உவோனுமா அரிசிக்கு நாடு முழுவதும் பேர் கிடைத்தது அந்த நீரால்தான் என்கிறார்கள். பனியைச் சபிக்கும் சொல் எதையும் அவர்கள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

நோசாவா ஒன்சென் கிராமத்துக்கு இருட்டும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஊருக்குள் 13 பொது வெந்நீர்க் குளியலறைகள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, முறைவைத்துக் கழுவிப் பராமரிக்கிறார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் உண்டியல் இருக்கிறது. தண்ணீரின் சூட்டில் நாங்கள் கால் வைக்க முடியாமல் தவித்தபோது, உள்ளே இருந்த ஒரு பாட்டி எழுந்துவந்து குளிர்நீர்க் குழாயைத் திறந்து எங்கள் பக்கம் விட்டார். ஓகாமா என்ற ஊற்றில் நீர் கொதிநிலைக்கு அருகில் இருக்கும். ஊர்க்காரர்கள் அங்கே கீரையும் முட்டையும் வேகவைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை; அது சரியான விதி என்பது என் எண்ணம். 1923இல் இந்த ஊர்க்காரர்கள் தாங்களே ஸ்கீ சங்கம் தொடங்கிச் சரிவைத் திருத்தினார்கள். யுசாவாவின் வெற்று மாடிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், தன் மலையைத் தானே கையில் வைத்திருக்கும் ஊர் எப்படித் தழைக்கிறது என்பது கண்ணெதிரே தெரிகிறது.

அடுத்தது மியோகோ. அங்குள்ள சுகினோஹரா சறுக்குத் தளத்தில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை 8.5 கிலோமீட்டருக்கு ஒரே ஓட்டம். பாதி வழியிலேயே தொடை எரியத் தொடங்கிவிடும். நின்று மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் கீழே நோஜிரி ஏரி விரிகிறது. எனக்கு வேகம் வேண்டாம். புதுப்பனியில் பலகை மூழ்கி, முழங்காலில் பனி மோதி இரண்டாகப் பிரியும்போது வரும் மகிழ்ச்சிக்காக எவ்வளவு குளிரையும் பொறுத்துக்கொள்வேன். அங்கிருந்து தகாடா பக்கம்தான். 1911 ஜனவரி 12 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் படை அதிகாரி தியோடோர் ஃபான் லெர்ஹ் ஜப்பானியப் படைவீரர்களுக்கு அங்கேதான் ஸ்கீ கற்றுக்கொடுத்தார். கையில் ஒரே ஒரு நீண்ட கோலை வைத்துக்கொண்டு சறுக்குவது அவர் முறை. தகாடாவின் பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு முன்கூரையை நீட்டி, பனிக்காலத்தில் மக்கள் நடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். அவரவர் நிலத்தில், அவரவர் செலவில் கட்டிய பொது நடைபாதை அது.

பிறகு கடற்கரைக்கு இறங்கி இதோயிகாவா வரை போய், ஹிமேகாவா ஆற்றை எதிர்த்து 148ஆம் எண் சாலையில் ஹகுபாவுக்கு ஏறினோம். மீனா, இந்தச் சாலையை நீ பார்த்தே ஆக வேண்டும். ஜப்பானைக் குறுக்கே வெட்டும் இதோயிகாவா-ஷிசுவோகா நிலப்பிளவு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போகிறது. பாறையெல்லாம் நொறுங்கிக் கிடக்கும் இடம். 1995 ஜூலை வெள்ளத்தில் சாலையும் ரயில்பாதையும் அடித்துக்கொண்டு போயின. அதனால் இன்று சுரங்கம், அதைத் தாண்டினால் பனிச்சரிவுத் தடுப்புக் கூரை, மறுபடி சுரங்கம் என்று வெளிச்சமும் இருட்டுமாகவே ஏறுகிறது வழி. உன் தாங்குசுவர்களுக்கு இங்கே நெருங்கிய உறவினர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஹகுபாவில் சரிவுகள் அருமை, ஊர் கொஞ்சம் நெரிசல். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியச் சறுக்கு வீரர் ஹெர்மன் மையர் காற்றில் தூக்கியெறியப்பட்டு விழுந்ததும், மூன்று நாள் கழித்து வேறொரு போட்டியில் தங்கம் வென்றதும் இங்குள்ள ஹப்போ மலையில்தான். அந்த வளைவுகளுக்கு அருகில் நின்று பார்த்தேன். மனித உடல் அதைத் தாங்கியது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி நீ வருவதைப் பற்றிப் பேசுவோம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்; நம் நாட்டு அனுமதி இங்கே செல்லும். இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாக எடுப்போம். நாள்தோறும் ஊர் மாற்றும் திட்டம் மட்டும் வேண்டாம்; ஓர் ஊரில் குறைந்தது இரண்டு இரவாவது தங்கினால்தான் பனிப்புயல் அடிக்கும் நாளில் பேசாமல் உள்ளேயே இருந்துவிட முடியும். 2020 டிசம்பரில் கான்-எட்சு சாலையில் பனி கொட்டி சுமார் 2,100 வண்டிகள் சிக்கிக்கொண்டன. சிலர் இரண்டு நாளுக்கு மேல் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். அதனால் மண்வெட்டி, போர்வை, தண்ணீர், உணவு எப்போதும் வண்டியில் இருக்கும். சிக்கிக்கொண்டால் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நச்சுவாயு உள்ளே வந்துவிடும். மலைப்பாதையில் உனக்குப் பழக்கமான கைப்பிரேக் இங்கே ஆகாது, இரவில் உறைந்துபோகும். வைப்பரையும் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் தூங்கப் போக வேண்டும்.

வரைபடத்தைப் பார்த்து ஷிகா கோகென் சறுக்குத் தளத்திலிருந்து வெந்நீர் ஊற்று ஊரான குசாட்சுவுக்கு ஒரே எட்டு என்று நினைத்துவிடாதே. இடையில் 2,172 மீட்டர் உயரத்தில் கணவாய். 292ஆம் எண் சாலையின் அந்தப் பகுதியை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மூடிவிடுகிறார்கள்.

நீ சைவம் என்பதால் உணவு சற்றுச் சிரமம்தான். சோபா என்ற நூடுல்ஸின் குழம்பிலும் மீன் சாறு இருக்கும். சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுக்கிறேன். பருப்புப்பொடி மட்டும் கொண்டுவா, அரிசிக்கு இங்கே குறைவில்லை.

பிப்ரவரிக்கு நோசாவாவில் அறைகள் மிகச் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. விடுமுறை எப்போது கிடைக்கும் என்பதைக் கூடிய விரைவில் எழுது. அந்த வாரமே பதிவுசெய்துவிடுகிறேன். அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கலைச்செல்வி