பரணில் கிடைத்த ரிவால்வர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் போய் வந்த தாத்தாவின், பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் ரிவால்வர் கிடைத்த செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். செய்தி சரி, படம்தான் உறுத்தியது. பேரன் விசையில் விரலை வைத்துக்கொண்டு கேமராவை நோக்கிக் குறிபார்க்கிறார். கீழே 'இயங்காத நிலையில் உள்ளது' என்று குறிப்பு வேறு. சோதித்தது யார்? நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன். துருவேறி இறுகிப்போன துப்பாக்கி, நாலு சொட்டு எண்ணெய் பட்டதும் அசைந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

படத்தில் இருப்பது என்ஃபீல்டு நம்பர் 2 போலத் தெரிகிறது. 1932-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த, ஆறு தோட்டா பிடிக்கும், குழல் அளவு .38 கொண்ட ரிவால்வர். 1938-ல் இதன் சுத்தியலில், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் பாகத்தில், நீட்டிக்கொண்டிருந்த கொக்கியை எடுத்துவிட்டார்கள். டாங்கிக்குள் ஏறி இறங்கும்போது அது மாட்டிக்கொண்டதுதான் காரணம். வம்பு வந்தது 1942-ல். போர் அவசரத்தில், சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் சின்ன பாகம் ஒன்றை விட்டுவிட்டுத் தயாரித்தார்கள். அந்த ரகம் கை தவறிக் கீழே விழுந்தாலே வெடிக்கலாம். போருக்குப் பிறகு திரும்ப வாங்கி அந்தப் பாகத்தைப் பொருத்தினார்கள் என்றாலும், ஏதோ ஒரு பரணில் கிடந்தது அதில் தப்பியிருக்காது என்று எப்படிச் சொல்வது?

இப்படி ஒன்று கண்ணில் பட்டால் எடுக்காமல் இருப்பதே நல்லது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் குழல் ஆளில்லாத பக்கம் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இந்த ரகம் மேல்பக்கத் தாழை அழுத்தினால் நடுவில் மடியும். ஆறு தோட்டாவும் ஒன்றாக மேலே எழும்பும். எல்லாம் விழுந்துவிட்டது என்று அப்போதும் நம்பக் கூடாது. ஒரு தோட்டாவின் விளிம்பு, தோட்டாக்களை வெளியே தள்ளும் பாகத்தின் அடியில் சிக்கி உள்ளேயே நின்றுவிடுவது உண்டு. தோட்டா இருக்கும் ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும்.

'ஒரு குண்டு போட்டுச் சுட்டுப் பார்த்தால் என்ன?' என்று வீட்டில் ஒருவர் கேட்டதாகவும் செய்தியில் இருந்தது. வேண்டவே வேண்டாம். உரிய அனுமதியோடு ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி மைதானத்தில், சுடுகிறவர்கூட ஆர்மரர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடுவார். இதற்கான பழைய குண்டு கனமானது, வேகம் குறைந்தது. நொடிக்கு 200 மீட்டரைக்கூட எட்டாது. வெடிமருந்து நமுத்திருந்தால் குழலின் பாதியிலேயே நின்றுவிடும். 'டப்' என்று சத்தம் சன்னமாகக் கேட்டால் அத்தோடு நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலைப் பார்க்க வேண்டும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிதுங்கும், வெடிக்கவும் செய்யும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? உடனே திறக்கக் கூடாது. இலக்கை நோக்கிப் பிடித்தபடியே அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும், மருந்து தாமதமாகப் பற்றலாம்.

அப்புறம் சட்டம். உரிமம் பெற்றவர் இறந்துவிட்டால், 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாரிசுகள் ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் தாத்தா நினைவாக வைத்துக்கொள்கிறோம் என்பது செல்லாது. அதைப் பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகாமல், நிலையத்துக்கு போன் செய்து வரச் சொல்வது உத்தமம்.

இனி இதுபோன்ற செய்தி வந்தால் துப்பாக்கி மேசைமேல் இருக்கும் படத்தைப் போடுங்கள். எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று கீழே இரண்டு வரியும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ராணுவ ஆர்மரர்,
வேலூர் மாவட்டம்