பாப்பாவுக்கு, நீ அனுப்பிய மைகளைப் பற்றி

வேலூர்,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் மாப்பிள்ளை சௌக்கியத்துக்கும் எழுது.

பார்சல் வந்து சேர்ந்தது. இத்தனை குட்டி பாட்டிலும் ஒன்றுகூட உடையவில்லை, ஒழுகவில்லை. மூடிக்கு டேப் சுற்றி, தனித்தனி கவரில் போட்டு, மேலே பெயர் எழுதி நீ கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு கூரியர் பையனே "யாரு சார் கட்டினது?" என்று கேட்டான். என் பெண் என்றேன். உன் அம்மா அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். கடுதாசி எதுவும் இல்லை. வேலை நெருக்கடியாக இருந்திருக்கும் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மடித்துப் பரணில் வைத்துவிட்டாள்.

"போட்டுப் பாத்து எது அழியாதுன்னு சொல்லுங்கப்பா" என்று போனில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். பத்திரம் எழுதியே காலம் தள்ளியவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான். போனில் ஒரு வரியில் பதில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். ஒவ்வொரு இடத்திலும் மையை மாற்றியிருக்கிறேன், ஓரத்தில் பெயர் குறித்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

மூன்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஒன்று டி.என்.பி.எல். ஜெராக்ஸ் தாள். கரும்புச் சக்கையில் செய்வது, புகளூர் ஆலைத் தாள், எல்லா ஆபீசிலும் இருப்பது. இரண்டாவது என் பழைய கணக்கு லெட்ஜரில் கிழித்த தாள். மூன்றாவது நீ உள்ளே வைத்திருந்த ஜப்பான் தாள். சதுர மீட்டருக்கு 52 கிராம்தானாம், வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது, ஆனால் பின்பக்கம் ஒரு புள்ளி மை இறங்கவில்லை. ஜெராக்ஸ் தாளில் மை நூல் நூலாக ஊறிப் பரவுகிறது. பாதி நேரம் மையைக் குறை சொல்கிறோம், குற்றம் தாளில் இருக்கிறது.

முதலில் நம்ம கேமல் ராயல் புளூ. நீ அனுப்பாதது, வீட்டில் இருந்தது. ஒப்பிடுவதற்கு ஒன்று வேண்டுமே. அழகான நீலம், பேனாவுக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் குழாயில் காட்டினால் போய்விடும். அது குறை இல்லை, பிள்ளைகள் சட்டையில் பட்டால் துவைத்துவிடலாம் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். நோட்டுக்கு நல்லது. கையெழுத்துக்கு ஆகாது. பிளீச்சிங் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தேன், எழுதிய இடமே தெரியவில்லை.

ஜப்பான் பைலட் கம்பெனி மை இரண்டு. கொன்-பெகி வானத்து நீலம். யமா-புடோ, நாவல்பழம் தின்ற நாக்கு நிறம். உன் அம்மாவுக்கு அதுதான் பிடித்தது, பால் கணக்கை அதில் எழுதுகிறாள். இரண்டும் வழவழவென்று ஓடுகின்றன. பாட்டில் விலையை நெட்டில் பார்த்துவிட்டு, நீ சின்ன பாட்டிலில் அனுப்பியதே புத்தி என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீரில் பாதிக்கு மேல் போய்விட்டது. கேரளத்துக் கிருஷ்ணா மை நிறத்தில் இவற்றுக்குச் சளைத்தது இல்லை. சுலேகா கல்கத்தா மை, 1934-ல் சுதேசி என்று தொடங்கியது. நடுவில் காணாமலே போயிருந்தது. மறுபடி வருகிறது என்பதே உன் பாட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அப்புறம் அந்த நைட்ரஜன் என்று பெயர் வைத்த மை. ஜப்பான் தாளில் எழுதிச் சாய்த்துப் பார்த்தால் நீலத்துக்கு மேலே செப்புச் சிவப்பாக மினுங்குகிறது. சாயம் தாளுக்குள் போகாமல் மேலேயே காய்ந்து படிவதால் வரும் மினுக்கு. லெட்ஜர் தாளில் கொஞ்சம், ஜெராக்ஸ் தாளில் சுத்தமாக இல்லை, உறிஞ்சிவிடுகிறது. ஆனால் மினுங்குகிற இடமெல்லாம் மறுநாள் தொட்டாலும் விரலில் ஒட்டுகிறது. என் பனியனில், தலையணை உறையில், கடைசியில் அம்மா கன்னத்தில்கூட. இதைத் திருப்பித் தந்துவிடுகிறேன். வேடிக்கைக்கு நல்லது, வேறெதற்கும் இல்லை.

நீ அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டரில்தானே செய்கிறாய்? அழியாத மை எதற்கு என்று யோசித்தேன். கேட்கவில்லை, யோசித்தேன், அவ்வளவுதான்.

வெயில் பரீட்சைக்கு நல்ல காலத்தில் அனுப்பினாய். கத்திரியில் மொட்டைமாடியில், பாதியை அட்டையால் மூடி, மேலே கல்லை வைத்துக் காயப்போட்டேன். வேலூர் வெயிலுக்கு வேறு மெஷின் தேவையில்லை. ராயல் புளூ வெளுத்தது. வெளிர் நிறங்கள் எல்லாம் சாம்பல் தட்டின. அசையாமல் நின்றது இரண்டு. ஒன்று பிளாட்டினம் கார்பன் பிளாக். அது சாயமே இல்லை, நுண்ணிய கரித்தூள். கரி வெயிலுக்கு வெளுக்காது, தண்ணீருக்கும் கரையாது. பிளீச்சிங் வைத்தும் அப்படியே நின்றது. ஆனால் பேனாவில் காயவிட்டால் அடைத்துக்கொள்ளும். தினமும் எழுது, இல்லையென்றால் கழுவி வை. உன் எபோனைட் பேனாவை மை போட்டபடியே மாதக்கணக்கில் மூடி வைத்திருப்பாய், எனக்குத் தெரியும். கழுவி வை. மை கால்வாசிக்கு வந்ததும் நிரப்பிவிடு. உள்ளே காற்று அதிகமாகிவிட்டால் கைச்சூட்டுக்கே விரிந்து மையைப் பொளக்கென்று தள்ளும். கையெழுத்துப் போடுகிற நேரம் பார்த்து அது நடக்கும்.

இரண்டாவது ஜெர்மன் சாலிக்ஸ். இந்தப் பத்தி அதில்தான். எழுதும்போது வெளுத்த நீலம், நீ படிக்கும்போது கறுத்திருக்கும். பாட்டிலைத் திறந்து முகர்ந்ததுமே எனக்குத் தாத்தா ஞாபகம்தான். இது இரும்பு மை. தாவரத் துவர்ப்பும் இரும்பு உப்பும் சேர்ந்தது. புதிதாக இருக்கும்போது நிறமே இருக்காது, நாம் எழுதுவது தெரிய வேண்டுமே என்று கொஞ்சம் நீலச் சாயம் கலக்கிறார்கள். காற்றுப் பட்டதும் தாளின் நாருக்குள்ளேயே கறுத்துக் கெட்டிப்பட்டுவிடும். குழாயில் கழுவினேன். நீலம் ஓடிவிட்டது, கறுப்புக் கோடு நின்றுவிட்டது.

தாத்தா வேலை பார்த்த ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் இதே சங்கதியை அவர்கள் விரோதியாகப் பார்த்தார்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரும்பு வாளி வரக்கூடாது. ஓர் ஆணி பட்டால் போதும், தோலில் கருநீலப் புள்ளி விழுந்துவிடும், அந்தத் தோல் கழிவு. குரோம் வருவதற்கு முந்தைய காலம் அது. பாலாறும் அப்போது வேறு ஆறு. அதே கடுக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டி, அந்தக் காயின் தோலைக் கொதிக்கவைத்து, அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்து, வேலம்பிசின் போட்டு எங்களுக்கு மை காய்ச்சித் தருவார். அங்கே கறை, இங்கே மை. அந்த மையில் எழுதிய என் ஐந்தாம் வகுப்பு நோட்டு அலமாரியில் இருக்கிறது. நீ சின்ன வயதில் அதன் மேல் தண்ணீர் கொட்டிவிட்டு அழுதாயே, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுதான். இந்த மையில் அமிலம் உண்டு. சாதா ஸ்டீல் நிப்பை மெல்ல அரிக்கும். எழுதி முடித்துக் கழுவி வை.

இங்கிலாந்தில் கல்யாணப் பதிவேட்டில் 2021 வரைக்கும் இந்த ஜாதி மையில்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அவர்களும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார்கள். அது கிடக்கட்டும்.

பார்சலில் அனுப்புநர் இடத்தில் பெங்களூர் யெலஹங்கா என்று அச்சடித்து ஒட்டியிருந்தது. மேற்பார்வை என்று வேறொரு பெண்ணின் பெயர். ஜெயநகர் வீட்டில் பகலில் வாங்க ஆள் இல்லை என்று தோழி முகவரி கொடுத்திருப்பாய். அல்லது ஆபீஸ் அந்தப் பக்கம் மாறியிருக்கும். இந்தக் கடிதத்தையும் அங்கேயே அனுப்புகிறேன். உன் அம்மாவிடம் நான் அதைப் படித்துக் காட்டவில்லை. ஆனால் அட்டைப்பெட்டியைப் பரணில் வைத்தவள் அவள்தான், கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வைத்தாள்.

சரி, நீ கேட்ட பதில். கையெழுத்துக்குச் சாலிக்ஸ், அல்லது கார்பன் பிளாக். மற்றதெல்லாம் டைரிக்கும் வாழ்த்து அட்டைக்கும். ஆனால் மை நின்றால் மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. பக்கத்தில் யாராவது நின்றுகொண்டு "இங்கே, இங்கே" என்று விரல் வைத்துக் காட்டினால் போடாதே. நடுவில் இடம் விட்டு டைப் அடித்த தாளில் போடாதே. அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்திலேயே சின்னக் கையெழுத்து வேண்டும். 1908 பதிவுச் சட்டத்தில் 20-வது பிரிவு, உனக்கு அ, ஆ தெரியும் முன்பே அதை ஒப்பிப்பாய், வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். விடுதலைப் பத்திரம் என்று தலைப்பு இருந்தால், தலைப்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்காதே. உன் பங்கை நீ விட்டுக்கொடுப்பது என்று பொருள். ஜெயநகர் வீட்டுப் பத்திரத்தில் உன் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. இரண்டாவது என்றால் குறைவு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்கு எந்த வளையல் போனது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

மாப்பிள்ளை நல்லவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாக எழுதுகிறேன். இத்தனை வருஷம் என் திண்ணைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் போட்டுவிட்டுத்தான் வந்தார்கள். "படிச்சவங்கதான் சார், அவசரத்துல போட்டுட்டேன்" என்பார்கள். உன்னைவிடப் படித்தவர்கள்.

சத்துவாச்சாரி அத்தை வந்திருந்தாள். பொங்கலுக்கும் வரவில்லை, சித்திரைக்கும் வரவில்லையே என்றாள். பெங்களூரில் இருந்துகொண்டு அமெரிக்காவில் இருப்பது மாதிரி பேசுகிறாள் உன் பெண் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் டீம் முழுக்க உன் கீழே வந்தது, அவள் மகனுக்கு நீதான் வேலை சொல்லிவிட்டது எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு காபி குடித்தாள். ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்? நான் மட்டும் போனை எடுத்தால் மைக் கணக்கு பேசுகிறாய், அம்மா வாங்கினால் வைத்துவிடுகிறாய். அவளிடம் அழுகை வந்துவிடும் என்றால் என்னிடமே பேசு. நான் மையைப் பற்றியே பேசுவேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

கறுப்பு மை ஒன்றை வெள்ளைத் துணி ஓரத்தில் சொட்டி, அடியில் தண்ணீரில் தொட்டு வைத்தேன். ஏறிக்கொண்டே போய் ஊதா, மஞ்சள், நீலம் என்று தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் பிராஜெக்டுக்கு என்று வாங்கிப் போய்விட்டார்கள். கார்பன் பிளாக் மட்டும் சொட்டிய இடத்தைவிட்டு நகரவில்லை. அழியாத மை என்றதும் அம்மா ஓட்டுப் போடும் மையைச் சொன்னாள். அது உங்கள் மைசூரிலிருந்து வருவது, 1962 தேர்தலிலிருந்து. வெள்ளி உப்பு, தோலில்தான் நிற்கும், பேனாவுக்கு இல்லை என்று விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தெரியவில்லை.

உன் அறை ஃபேனை மாற்றியாயிற்று. மேஜையில் என் பழைய பைண்டுகள் இருந்தன, ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். முள்ளுக் கத்திரிக்காய் நன்றாக வருகிறது, அம்மா தினமும் வாங்கிவிட்டு, இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று என்னைத் திட்டுகிறாள். லால்பாக் எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் டிபன் நேரம் முடிவதற்குள் காட்பாடி. நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். லீவு எத்தனை நாள், யாருடன், எதற்கு என்று ஒன்றும் கேட்கமாட்டோம். அம்மா கேட்பாள், நீ பதில் சொல்ல வேண்டாம்.

நைட்ரஜன் பாட்டிலை இந்தக் கவரில் வைக்க முடியாது, நேரில் தருகிறேன். சாலிக்ஸ் மிச்சத்தை நான் வைத்துக்கொள்கிறேன். உனக்கு வேண்டுமென்றால் பெரிய பாட்டில் வாங்கிக்கொள், பணம் அனுப்புகிறேன். பேனாவைக் கழுவி வை.

வரும்போது அந்தத் தாள்களின் நகல் ஒன்று எடுத்து வா, எதுவாக இருந்தாலும். கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டிருந்தாலும் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா